பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு ஐசியூவா, எச்டியூவா?

அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷன் என்று முடிவானதும் இரண்டு மருத்துவமனைகளில் விசாரித்தோம். ஒன்றில், பெரிய ஆபரேஷன் என்றால் யாராக இருந்தாலும் இரண்டு நாள் ஐசியூ கட்டாயம், பிறகு வார்டு. இன்னொன்றில், தியேட்டரிலிருந்து நேராக எச்டியூ, அதாவது ஐசியூவுக்கும் வார்டுக்கும் நடுவே, வார்டைவிட நெருக்கமாகக் கவனிக்கும் பிரிவு. நிலைமை மோசமானால் மட்டும் ஐசியூ. நாங்கள் எச்டியூ பக்கம் போனோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஐசியூவின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெண்டிலேட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒன்றிரண்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ். செலவு அதிகம். வயதானவர்களுக்குத் தூக்கம் கெட்டு மனக்குழப்பம் வரும் அபாயமும் உண்டு. எச்டியூவில் மறுநாளே எழுப்பி நடக்க வைக்கிறார்கள்.

சரி, உயிர் பிழைக்கும் வாய்ப்பு எதில் அதிகம்? 2011 ஏப்ரலில் 28 ஐரோப்பிய நாடுகளில் ஆபரேஷன் செய்துகொண்ட 46,000க்கும் அதிகமானோரைக் கவனித்தார்கள். இறந்தவர்களில் 73 சதவீதம் பேர் ஐசியூ பக்கமே போகாதவர்கள். இதை மட்டும் பார்த்தால் கட்டாய ஐசியூதான் சரி என்று தோன்றும். ஆனால் 27 நாடுகளில், முன்கூட்டியே திட்டமிட்ட ஆபரேஷன் செய்துகொண்ட 44,000க்கும் அதிகமானோரை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. ஆபரேஷன் முடிந்த கையோடு ஐசியூவுக்கு அனுப்பியதால் உயிரிழப்பு குறைந்ததாக அதில் தெரியவில்லை. ஐசியூவுக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே உடல் தளர்ந்தவர்கள் என்பதால் இந்த ஒப்பீட்டை அப்படியே நம்பிவிடவும் முடியாது.

என் முடிவைத் தீர்மானித்தது 2009இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. இறப்பு மிகக் குறைவான மருத்துவமனைகளையும் மிக அதிகமானவற்றையும் ஒப்பிட்டார்கள். சிக்கல் வருவது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 24.6, 26.9 சதவீதம். ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் நல்ல மருத்துவமனைகளில் 12.5 சதவீதம், மற்றவற்றில் 21.4. சிக்கலை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துக் கையில் எடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

குடல் ஆபரேஷனில் எல்லோரும் பயப்படுவது தையல் போட்ட இடத்தில் கசிவு. அது முதல் நாளே வந்து நிற்காது. பெரும்பாலும் சில நாள் கழித்து, ஐந்தாம் நாளையொட்டித்தான் தலைகாட்டும். அதற்குள் கட்டாய ஐசியூ முடிந்து ஆள் வார்டுக்கு வந்திருப்பார். ஆக, நான் பார்க்க வேண்டியிருந்தது ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் யார் விழித்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

அதனால் இரண்டு இடத்திலும் வார்டைப் பார்க்கப் போனேன். முதல் மருத்துவமனையில் ஒரு கட்டிலில் தொங்கிய சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை வரிசையாக 20, 20, 20 என்றே இருந்தது. யாரும் நின்று எண்ணியிருக்க மாட்டார்கள். உடம்புக்குள் ஏதோ சரியில்லை என்று முதலில் காட்டிக்கொடுப்பவற்றில் மூச்சும் ஒன்று. பிபி பல நேரம் கடைசியில்தான் இறங்கும். இரண்டாவது இடத்தில் 16, 18, 22 என்று மாறி மாறி இருந்தது. 22க்குப் பக்கத்தில் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்ட நேரமும் அவர் கையெழுத்தும் இருந்தன. அப்பா அங்கே இருந்தபோது, இரவு நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணியதை நானே பார்த்தேன்.

ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்றும் கேளுங்கள். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், நர்ஸ் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. பகல் கணக்கைச் சொல்வார்கள். இரவுக் கணக்கைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இதை எல்லா ஆபரேஷனுக்கும் நீட்டிச் சொல்ல மாட்டேன். இதய ஆபரேஷனுக்கு ஐசியூ வேண்டும். அதில் பேச்சே இல்லை. வெண்டிலேட்டரை எடுக்க முடியாதவர்களுக்கும் அப்படித்தான். அவசர ஆபரேஷனில் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது; அங்கே டாக்டர் ஐசியூ என்றால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். அப்புறம், எச்டியூவைத் தேர்ந்தெடுத்தாலும் அதே கட்டடத்தில் ஐசியூ இருக்கிறதா, நடுராத்திரியில் படுக்கை கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால், எச்டியூ எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அங்கே சேர்க்க மாட்டேன்.