பங்களாதேஷுக்கு நூல் அனுப்ப லாரியா, கப்பலா?

கோவையிலிருந்து பங்களாதேஷின் பின்னலாடை ஆலைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பருத்தி நூல் அனுப்பிவருகிறேன். மேற்கு வங்கத்தின் பெட்ராபோல்–பெனாபோல் எல்லை வழியாக லாரியிலும் போயிருக்கிறது. தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் கப்பல் மாற்றி, பங்களாதேஷின் சிட்டகாங் துறைமுகம் வழியாகவும் போயிருக்கிறது. யார் கேட்டாலும் நான் கப்பலைத்தான் சொல்வேன். 2025-இல் பங்களாதேஷ் தரைவழி நூல் இறக்குமதிக்குத் தடை போடுவதற்கு முன்பும் அதையே சொன்னேன்.

வரைபடத்தில் தரைவழி எளிதாகத் தெரியும். 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓடுவதில் பெரிய தொல்லை இல்லை. எல்லையை நெருங்கிய பிறகுதான் நாள்கள் கரையும். வரிசையில் காத்திருந்து எல்லை தாண்டியதும் சரக்கை இறக்கி அந்நாட்டு லாரிக்கு மாற்ற வேண்டும். மழைக்காலமானால் வயிறு கலங்கும். அட்டைப்பெட்டி நசுங்கினால் நூல் சுற்றிய கோன் அடிபடும். அடிபட்ட கோன் பின்னல் எந்திரத்தில் ஏறியதும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். எனக்கு வந்த தரப் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஏற்றி இறக்கலில் பிறந்தவையே.

கப்பலுக்கென்றால் ஆலையிலேயே கன்டெய்னரை நிரப்பி சீல் வைத்துவிடலாம். ஈரம் உறிஞ்சும் பைகளை மட்டும் கஞ்சத்தனம் இல்லாமல் தொங்கவிடுங்கள்.

அதைவிடப் பெரிது பணத்தின் பாதுகாப்பு. கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங்கை வாங்குபவரின் வங்கி சொல்பவருக்கே சரக்கு என்று எடுத்தால், அது சரக்கின் உரிமை ஆவணம். அந்த வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்காமல் அது வாங்குபவர் கைக்குப் போகாது. லாரி ரசீதுக்கு அந்த வலு கிடையாது.

கப்பலிலும் தாமதம் உண்டு. சிட்டகாங் கர்ணபுலி ஆற்றுத் துறைமுகம். பெரிய தாய்க்கப்பல்கள் நுழைய முடியாது. தாய்க்கப்பலின் சரக்கை ஏற்றிவரும் சிறிய ஃபீடர் கப்பல்களும் ஓதம் (கடல்நீர் ஏற்றம்) பார்த்துத்தான் உள்ளே வரும். கொழும்பில் நெரிசல் என்றால் அடுத்த ஃபீடருக்குத் தள்ளிவிடுவார்கள். ஆகவே வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் எல்.சி. கடிதத்தில் கெடு தேதிகளைத் தாராளமாகக் கேட்டு வாங்குங்கள்.

அவசரமாக ஒரு லாரி நூல் கேட்கும் சிறு ஆலைகளுக்குத் தரைவழி உயிர்நாடியாக இருந்தது. உள்ளூர் நூற்பாலைகளின் கோரிக்கையை ஏற்று 2025 ஏப்ரலில் பங்களாதேஷ் அரசு தரைவழி நூல் இறக்குமதியை நிறுத்தியபோது, அந்தச் சிறியவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. இப்போது அவர்களிடம் தேவையை முன்கூட்டியே கேட்டு, இரண்டு மூன்று பேரின் சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்புகிறேன். ஆளுக்கொரு பில் ஆஃப் லேடிங் எடுப்பதால் செலவு கூடுகிறது. அதில் ஒரு பகுதியை நானே ஏற்கிறேன்.