ஓட்டக்காரர்களுக்கு விளையாட்டு மசாஜ்: அடையாறு மையம் ஒன்றின் சேவை குறித்து

அடையாறில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நடத்திவரும் சிறிய மையத்தில், அரை மாரத்தானுக்கான பயிற்சிக் காலம் முழுவதும் விளையாட்டு மசாஜ் பெற்றுவந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நறுமண எண்ணெயையும் மெல்லிசையையும் எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு இந்த இடம் ஏமாற்றமே தரும்.

முதல் நாள் கட்டிலில் படுக்கச் சொல்வதற்கு முன்பே கேள்விகள் தொடங்கிவிடுகின்றன. வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், முன்பு எங்கே அடிபட்டது, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. காலின் ஆழத்திலுள்ள சிரையில் (இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாயில்) இரத்தக்கட்டி இருந்தால், அழுத்திப் பிசைவதால் அது இடம்பெயர்ந்து நுரையீரலை அடைக்கும் அபாயம் உண்டு. எடுத்த எடுப்பில் எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொள்ளும் இடங்களுக்கும் நான் போயிருப்பதால், இந்த மையத்துக்கு என் முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

உள்ளங்கையால் நீளவாக்கில் நீவித் தசையைச் சூடேற்றிய பிறகே அழுத்தம் படிப்படியாகக் கூடுகிறது. கெண்டைக்காலின் உட்புறத்தில் இறுகிக் கிடக்கும் இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, மறுகையால் பாதத்தை மெல்ல மேலும் கீழும் அசைக்கும்போது வலி பல்லைக் கடிக்க வைக்கிறது. வலி பத்துக்கு ஏழு என்ற அளவைத் தாண்டினால் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே கூறியிருப்பதால், சொன்னவுடன் விரல் தளர்கிறது. எழுந்து நின்று கால்விரல்களைத் தொட முயன்றால், வரும்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்ற கை கணுக்கால் வரை போகிறது.

சுவரில் தொங்கும் பதாகையோடுதான் எனக்கு உடன்பாடில்லை. கடுமையாக ஓடும்போது தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தை மசாஜ் வெளியேற்றும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் உடலே அதைப் பெரும்பாலும் அகற்றிவிடுகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் படிக்கட்டு இறங்கவிடாமல் படுத்தும் வலிக்கு அது காரணமே அல்ல. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், மசாஜ் செய்த தொடைத் தசையில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்திருந்தன, லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) அளவில் மாற்றமில்லை. 29 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட அறிக்கையும், வேகமோ வலிமையோ கூடுவதற்குச் சான்றில்லை, தசைவலி சற்றுக் குறைகிறது, உடலின் வளையும் தன்மை சற்றுக் கூடுகிறது என்றே கூறியது. நான் கண்ட பலனும் ஏறத்தாழ இதே அளவுதான். என் ஓட்ட நேரத்தில் ஒரு நிமிடம்கூட மசாஜால் குறைந்ததாகச் சொல்ல முடியாது.

ஆனால் மனத்துக்குக் கிடைத்ததைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். அலுவலக நெருக்கடியும் பயிற்சி அட்டவணையும் சேர்ந்து தூக்கத்தைக் கெடுத்திருந்த வாரங்களில், கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுக் கழுத்தையும் தோள்களையும் ஒருவர் கையில் ஒப்படைத்த பத்தாவது நிமிடத்திலேயே மூச்சு தானாக நீள்வதை உணர முடிந்தது. அன்றிரவு நடுவில் விழிக்காமல் தூங்கினேன். ஒவ்வொரு முறையும் இது வாய்த்தது என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலும் வாய்த்தது.

குறைகளும் உண்டு. இரு கட்டில்களுக்கு நடுவே திரை மட்டுமே இருப்பதால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கால் வரலாறு முழுவதும் காதில் விழுகிறது. வரவேற்பில் தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. மொத்தமாகப் பணம் கட்டும் திட்டத்தில் சேரச் சொல்லி ஒவ்வொரு முறையும் வற்புறுத்துகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் என்பது மாதம் ஒருமுறைக்குத் தாங்கும், வாரந்தோறும் என்றால் கையைக் கடிக்கும்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் ஆழ்ந்த மசாஜ் வேண்டாம் என்று அவர்களே தடுத்துவிடுகிறார்கள். நான்கைந்து நாள் முன்னதாகச் செய்துகொள்வது என் கால்களுக்கு ஒத்துவந்தது. சென்னை மாரத்தான் ஜனவரியில் வருவதால் டிசம்பர் மாதத்து மாலை நேரங்கள் விரைவில் நிரம்பிவிடுகின்றன. வார நாள் காலையில் கேட்டால் எளிதாகக் கிடைக்கும்.