பழைய பிக்கப்புக்குப் பட்டையா, காற்றுப் பையா: மணலில் ஓடவும் படகு இழுக்கவும் எது சரி?

2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் பழைய டபுள் கேப்பை விற்க யாருக்கும் மனம் வருவதில்லை. 2025 இல் திரும்பத் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் புதியதின் விலையைக் கேட்டவர்கள் பேசாமல் வந்து பழையதையே திருத்தி ஓடுகிறார்கள். அதனால் தொண்ணூறுகளின் ஹைலக்ஸ், எல்200, பழைய நிசான், இசுசு எல்லாம் இன்னும் நிலாவெளி மணலில் படகு இழுக்கின்றன, தென்னமரவாடிப் பக்கம் கிரவலில் குலுங்குகின்றன, தம்பலகாமத்தில் நெல் மூட்டையோடு வாய்க்கால் கரையில் ஊர்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான வருத்தம் ஒன்றுதான்: பின்பக்கம் தொய்ந்துவிட்டது.

என்ன போடலாம் என்று கேட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் பட்டறை பாஸ் ஒரு பட்டை (பின் அச்சில் அடுக்கடுக்காகக் கிடக்கும் வளைந்த உருக்குத் தகடு) ஏற்றச் சொல்வார், கொழும்பில் இருக்கிற மச்சான் ஆஸ்திரேலியாவில் செய்த முழுப் பட்டை செட்டைச் சொல்வார், யூடியூப் பார்க்கிற தம்பி காற்றடித்துச் சுமை தாங்க வைக்கிற காற்றுப் பை என்பார். மூன்றும் வேலை செய்யக்கூடியவைதான். ஆனால் சுமை எங்கே இருக்கிறது, கிழமையில் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்காமல் சொல்கிற பதிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன்: எப்போதும் இருக்கிற சுமைக்குப் பட்டை, வந்துபோகிற சுமைக்குக் காற்றுப் பை அல்லது ரப்பர் முட்டு, வெறும் உயரத்துக்காக எதுவும் வேண்டாம்.

முதலில் சுமைக் கணக்கு. 18 அடி பைபர் படகு, ட்ரெய்லர், 25 குதிரைவலு எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து 1000 கிலோவை எட்டுகிறது என்று வையுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோ, கொளுக்கியை அழுத்தும். அந்த 100 கிலோ பின் அச்சில் 100 கிலோவாக வந்து உட்காருவதில்லை என்பதுதான் கனபேருக்குத் தெரியாத விஷயம். கொளுக்கி பின் அச்சுக்கு 1.2 மீற்றர் பின்னால், முன் பின் அச்சுகளுக்கு இடையே 3 மீற்றர் என்றால், பின் அச்சில் 140 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 40 கிலோ கழன்றுவிடும். ஸ்டியரிங் லேசாவதும் இரவில் ஹெட்லைட் தென்னோலையில் அடிப்பதும் இதனால்தான். பிக்கப்பின் பெட்டிக்குள் 200 லீற்றர் டீசல் ட்ரம் ஒன்றையும் பின்கதவோடு ஒட்டி வைத்தால் டீசல் மட்டுமே இன்னொரு 170 கிலோ.

ஆகவே எதையும் வாங்குமுன் ட்ரெய்லரின் முன் சக்கரத்தை மீன் வாடித் தராசில் ஏற்றிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒட்டிய ட்ரெய்லர்கள் பலவற்றில் அச்சு எங்கே வரவேண்டும் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. கொளுக்கியில் சுமை அளவுக்கு மேல் இருந்தால் படகை ட்ரெய்லரில் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக் கட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், செலவும் இல்லை. அதற்காக ஒரேயடியாகப் பின்னுக்குத் தள்ளவும் கூடாது, கொளுக்கியில் சுமை குறைந்த ட்ரெய்லர் வேகத்தில் வாலாட்டும். ஏ6 வீதியில் 70 இல் போகும்போது அது தொடங்கினால் அடக்குவது கஷ்டம்.

சரி, பட்டைக்கு வருவோம். இருக்கிற செட்டில் ஒரு பட்டை ஏற்றுவதுதான் மலிவு, ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை. ஐந்து பட்டை உள்ள செட்டில் அதே தடிப்பில் ஆறாவது ஏறினால் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும், அது நியாயம். வில்லங்கம் தடிப்பில்தான் இருக்கிறது, ஏனென்றால் விறைப்பு தடிப்பின் மும்மடியில் ஏறுகிறது: 10 வீதம் தடித்த பட்டை 33 வீதம் விறைப்பாக இருக்கும். பழைய லொறிப் பட்டையை வெட்டி ஏற்றிவிட்டால் அந்த ஒன்றே சுமையின் பெரும்பங்கைத் தூக்கும், மற்றவை சும்மா இருக்கும், ஒருநாள் அது பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட்டின் துளையில் வெடிக்கும். பட்டையை அடித்து வளைவு ஏற்றுவது இன்னொரு மலிவு வழி. குளிர அடித்தால் சில மாதம் நிற்கும், பிறகு பழையபடி தொய்யும், களைத்த உருக்கு களைத்த உருக்குத்தான். உலையில் காய்ச்சி வளைத்துவிட்டு முறையாகத் தோய்த்துப் பதப்படுத்தாமல் கொடுத்தால் இன்னும் மோசம், பட்டையின் உரமே போய்விடும். ஆகவே ஒரு பட்டை ஏற்றுவது யாருக்குச் சரி என்றால், மற்றப் பட்டைகள் இன்னும் வளைவோடு, வெடிப்பில்லாமல், உப்பு தின்னாமல் இருக்கிற வாகனத்துக்கு. இருபத்தைந்து வருஷம் கடற்கரையில் ஓடிய வாகனத்தில் அப்படி ஒரு செட் கிடைப்பது அபூர்வம்.

முழுப் புதிய செட் விலை கூட. ஓல்ட் மேன் ஈமு, டொபின்சன்ஸ், அயன்மேன் எல்லாம் ஆஸ்திரேலியப் பெயர்கள், அங்கும் நம்மைப்போலப் பழைய ஹைலக்ஸைக் கைவிடாத ஆக்கள் நிறைய, அதனால் பழைய மொடல்களுக்கும் செட் இருக்கிறது. வெறும் பெட்டிக்கு ஒன்று, 300 கிலோ அளவில் நிரந்தரச் சுமைக்கு ஒன்று, 500 கிலோவுக்கு ஒன்று என்பதுபோல் தரம் பிரித்து விற்பார்கள். இங்கேதான் கனபேர் தடுமாறுகிறார்கள்: கூடியதைப் போட்டால் கூடுதல் பலம் என்று 500 ஐ எடுத்துவிட்டு, கிழமையில் ஆறு நாள் வெறும் பெட்டியோடு ஓடுவார்கள். அந்தப் பட்டை வெறுமையில் வளையவே வளையாது. அலை அலையாகக் கிடக்கும் திரியாய்ப் பக்கத்துக் கிரவலில் பின்பக்கம் குதித்துக் குதித்துப் பக்கவாட்டில் நகரும், மணலில் ஒரு பள்ளம் வந்தால் ஒரு பின் சக்கரம் காற்றில் தொங்கும், தொங்கிய சக்கரம் சுழலும், மற்றது நிற்கும், வண்டி புதையும். மணலுக்கு வேண்டியது வளைகிற பட்டை. கீழே ஒரு தடித்த பட்டை தனியே விலகி நின்று, சுமை ஏறினால் மட்டும் வந்து தொடுகிற இரண்டு கட்ட செட் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்; இல்லாவிட்டால் நடுத்தரம். (பரபொலிக் பட்டை என்று குறைந்த எண்ணிக்கையில், நடுவில் தடித்து நுனியில் மெலிந்த வகையும் உண்டு. ஓட்டம் சுகம், ஆனால் சுமைக்காரருக்கு நான் சொல்லமாட்டேன்.)

காற்றுப் பையின் அழகு, வேண்டியபோது மட்டும் விறைப்பு. பின் அச்சுக்கும் செசிக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவே, பட்டை அடிக்கும் ரப்பர் இருந்த இடத்தில் உட்காரும். வெறுமையில் 5 பிஎஸ்ஐ போல் வைத்து, படகு கொளுவினதும் பெட்ரோல் நிலையத்தில் காற்றடித்தால் பின்பக்கம் நேராகிவிடும். கிழமை நாட்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய், ஞாயிறு மட்டும் உப்புவெளியிலிருந்து குச்சவெளிக்குப் படகு இழுக்கிற ஆளுக்கு இது நல்ல ஏற்பாடு. இரண்டு பக்கக் குழாயையும் ஒன்றாக இணைத்து ஒரே வால்வு வைக்க விடாதீர்கள், வளைவில் காற்று ஒரு பையிலிருந்து மற்றதுக்கு ஓடி வண்டி கூடுதலாகச் சாயும்.

குறை என்ன? பட்டை சுமையைச் செசியில் முன் தாங்கி, பட்டையின் பின் நுனியைப் பிடிக்கிற ஷக்கிள் என்று இரண்டு இடத்தில் பிரித்துக் கொடுக்கிறது. பையோ அச்சுக்கு நேர்மேலே ஒரே இடத்தில் முட்டுகிறது. பின்னால் கொளுக்கி செசியைக் கீழே இழுக்க, நடுவில் பை மேலே தள்ள, பெரிய பள்ளத்தில் விழும்போது செசி அந்த இடத்தில் மடங்கப் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் கரவன் இழுத்த டபுள் கேப்கள் இப்படி முதுகு வளைந்த கதைகள் பலமுறை வெளிவந்தவை. நம்முடையவை பழைய செசி, உள்ளிருந்து துரு தின்ற செசி. சுத்தியலால் தட்டிப் பார்த்து மந்தச் சத்தம் வந்தால் காற்றுப் பை எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மணலும் ஒரு எதிரி, பையின் மடிப்புக்குள் போய்ச் சுரண்டும். வாரம் ஒருமுறை தண்ணீர் பீச்சிக் கழுவப் பொறுமை இல்லாதவருக்கு இது உதவாது.

இரண்டுக்கும் நடுவே, கனடாவின் டிம்பிரன் போன்ற உள்ளே கூடான ரப்பர் முட்டுகள் இருக்கின்றன. காற்று இல்லை, குழாய் இல்லை, ஓட்டை விழாது. வெறுமையில் தொடாமல் நிற்கும், சுமை ஏறினால் தாங்கும். முட்டுகிற இடம் பையைப் போலவே ஒரே இடம்தான் என்பதால் செசி பற்றிய எச்சரிக்கை இதற்கும் உண்டு, ஆனாலும் பழைய வாகனத்துக்குப் பையைவிட இது எனக்குப் பிடிக்கும்.

முன்பக்கத்தில் தேர்வு குறைவு. பழைய ஹைலக்ஸ்களில் முன்னாலும் பட்டை, 1997 க்குப் பிந்திய பலவற்றிலும் எல்200, நிசான், இசுசுவிலும் டோர்ஷன் பார், அதாவது முறுக்கப்படும் கம்பி. கம்பியின் போல்ட்டை இறுக்கி முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு "ஸ்பிரிங் ஸ்ட்ரோங் ஆக்கிட்டேன்" என்று சொல்கிற மெக்கானிக்கிடம் தலையாட்டிவிட்டு வாருங்கள். இறுக்கினால் உயரம்தான் கூடும், கம்பியின் விறைப்பு அதேதான். கூடவே சக்கரம் கீழே இறங்குகிற தூரம் குறைந்து சக்கரத்தைப் பிடிக்கிற மேல் கை போய் ரப்பரில் அடிக்கும், முன் அச்சு மூட்டை மூடுகிற ரப்பர் உறையான சிவி பூட் கோணம் கூடிக் கிழியும். விறைப்பு வேண்டுமானால் தடித்த கம்பி மாற்ற வேண்டும், அதுவும் கொஞ்சம் போதும், ஏனென்றால் இங்கே கணக்கு நான்மடி: 23 மில்லிமீற்றருக்குப் பதில் 25 போட்டால் 40 வீதம் விறைப்பு. முன்னால் இரும்பு பம்பர், வின்ச் இல்லாதவருக்கு அது தேவையே இல்லை. எப்படிச் செய்தாலும் 40 மில்லிமீற்றருக்கு மேல் தூக்காதீர்கள், செய்த அன்றே வீல் எலைன்மெண்ட் பாருங்கள்.

ஷொக், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிற ஒயில் குழாய், விஷயத்தில் விலை கூடியதே நல்லது என்று எண்ணவேண்டாம். பில்ஸ்டைன் மாதிரியான ஒற்றைக் குழாய் வகை சூட்டைச் சீக்கிரம் வெளிவிடும், நீளமான கிரவலில் களைக்காது. ஆனால் ஒரு கல் தெறித்து அந்தக் குழாயில் சொட்டை விழுந்தால் உள்ளே பிஸ்டன் சிக்கி ஷொக் முடிந்தது. இரட்டைக் குழாயில் சொட்டை விழுந்தால் வெளிக்குழாயோடு போய்விடும். கேவைபி போன்ற சாதாரண காஸ் ஷொக் பஞ்சிகாவத்தையில் இலகுவாகக் கிடைக்கிறது, தார் ரோட்டுக்கு அது தாராளம். புல்மோட்டை தாண்டி உள்ளே அடிக்கடி போகிறவர் தடித்த இரட்டைக் குழாய், முடிந்தால் ஒயில் நுரைக்காமலிருக்க உள்ளே போம் வைத்த வகை பார்க்கலாம். பட்டையை விறைப்பாக்கிவிட்டுப் பழைய ஷொக்கை விட்டால் வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும்; உயரத்தைக் கூட்டிவிட்டுப் பழைய நீளத்தில் ஷொக் போட்டால் தொங்குகிற அச்சின் பாரமெல்லாம் ஷொக்கில் வந்து அது பிய்யும்.

பட்டையின் மூட்டுகளில் மெத்தைபோல் வருகிற புஷ்ஷில் ரப்பரா பொலியூரித்தேனா என்றால், கடற்கரை ஊருக்கு என் வாக்கு ரப்பருக்கு. பொலி நீண்டநாள் உழைக்கும், உண்மை, ஆனால் கிரீஸ் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மணல் புகுந்தால் கீச்சிடும். சேர்விஸ் ஸ்டேசனில் கழிவு ஒயிலை அடியில் விசிறுகிற வழக்கம் மட்டும் வேண்டாம், ரப்பர் ஊதி மெத்துப்போகும். படகை இறக்கப் பின் சக்கரம் உப்புத் தண்ணீரில் நனைகிற ஆளுக்கு ஷக்கிள் பின்னும் பட்டையை அச்சோடு கட்டுகிற யு-போல்ட்டும்தான் முதலில் போகும். புதிய பட்டைக்குப் பழைய யு-போல்ட்டைத் திரும்பப் போடவே வேண்டாம், ஒருமுறை இறுக்கியதும் அது நீண்டுவிடுகிறது. புதியதையும் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் திரும்ப இறுக்க வேண்டும்.

ஆக, தினமும் மீனும் ஐஸும் ஏற்றுகிறவர் நடுத்தர முழு செட், இரட்டைக் குழாய் ஷொக். ஞாயிறு மட்டும் படகு இழுக்கிறவர் வெறும் பெட்டிக்கான செட், ரப்பர் முட்டு, செசி நல்லதென்றால் காற்றுப் பை. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் சும்மா காடு மேடு பார்க்கப் போகிறவருக்குப் புது ஷொக்கும் புது புஷ்ஷும் போதும். மணலில் இறங்குமுன் ரயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் எந்த ஸ்பிரிங்கும் தராத சுகம் இலவசமாகக் கிடைக்கும், தார் ஏறியதும் மறக்காமல் நிரப்பிவிடுங்கள். எதைப் போட்டாலும் கம்பனி சொன்ன மொத்த எடை கூடாது, அச்சும் பிறேக்கும் பழையவைதான்.

பிறேக் என்றதும் சொல்ல வேண்டியது: இந்தப் பழைய பிக்கப்களில் பலவற்றில் பின் அச்சிலிருந்து செசியில் உள்ள ஒரு வால்வுக்கு ஒரு கம்பி போகும். பின்பக்கம் தாழ்ந்தால் சுமை இருக்கிறது என்று பின் பிறேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும், உயர்ந்தால் குறைக்கும். நீங்கள் பட்டை மாற்றிப் பின்பக்கத்தை 40 மில்லிமீற்றர் உயர்த்தினால் அந்த வால்வு வண்டி எப்போதும் வெறுமை என்றே எண்ணும், படகோடு போகும்போதும் பின் பிறேக்கைக் குறைத்துத்தான் கொடுக்கும். உயர்த்திய அதே அளவுக்கு அச்சுப் பக்கத்துத் தாங்கியை உயர்த்திக் கம்பியைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாஸ் இதைச் செய்யாமல் திறப்பைக் கையில் தந்தால் வாங்காதீர்கள்.