செல்ஃப் அடிக்கிறது, வண்டி பிடிக்கவில்லை: பழைய கே-ஜெட்ரானிக் காருக்கு எந்த வழி நல்லது?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வீட்டு ஷெட்டில் பழைய பென்ஸ் 280இ வைத்திருக்கிற குடும்பங்கள் சில உண்டு. அப்பா ஆசைப்பட்டு வாங்கியது, விற்க மனசு வராமல் நிற்கும். ஒரு நாள் செல்ஃப் நன்றாக அடிக்கும், எஞ்சின் பிடிக்காது. உடனே ஆளுக்கொரு யோசனை வரும். ஸ்பேரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார் என்பார் ஒருவர். டீசல் பம்ப் கடையில் கொடு என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு கார்புரேட்டர் போடு என்பார் மூன்றாமவர். கம்ப்யூட்டர் வைத்த இன்ஜெக்‌ஷனே போட்டுவிடலாம் என்று பெங்களூரிலிருந்து ஒரு போன் வரும். பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்போமே என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

கே-ஜெட்ரானிக் என்பது பாஷ் நிறுவனம் 1973-இல் கொண்டுவந்த பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் அமைப்பு, 280இ-யில் இருப்பது இதுதான். இதில் பெட்ரோலை அளக்கக் கம்ப்யூட்டர் கிடையாது. எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு வட்டத் தட்டை நகர்த்தும். தட்டோடு சேர்ந்த நெம்புகோல், பெட்ரோலைப் பங்கிட்டு அனுப்பும் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளஞ்சர் என்ற சிறு தண்டைத் தள்ளும். பிளஞ்சர் எவ்வளவு ஏறுகிறதோ அதற்கேற்ற பெட்ரோல் நாசிலுக்குப் போகும், நாசில் விடாமல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பிளஞ்சரின் தலையில் எதிர்த்து அழுத்த இன்னொரு பிரஷர் உண்டு. அதுதான் கன்ட்ரோல் பிரஷர். அது குறைந்தால் கலவை ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். கூடினால் லீன், பெட்ரோல் குறைவு. எஞ்சின் சூட்டுக்கு ஏற்றபடி இதைக் கூட்டிக் குறைப்பது வார்ம்-அப் ரெகுலேட்டரின் வேலை.

“பெட்ரோல் வருதா பாய்?”

“வருது சார், நல்லாவே வருது.”

இதோடு நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. ஐந்து பார் (பிரஷரை அளக்கும் அலகு) பிரஷரில் வர வேண்டிய பெட்ரோல் இரண்டரையில் வந்தாலும் பார்வைக்கு நன்றாகத்தான் வரும். ஆனால் நாசில் திறக்கவே மூன்றரை பார் பக்கம் வேண்டும்.

எந்த வழிக்குப் போனாலும் முதலில் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. பிளக்கைக் கழற்றிக் கரண்டு வருகிறதா என்று பாருங்கள். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் எரியவில்லை, இல்லை அளவுக்கு மீறி வந்திருக்கிறது. காய்ந்திருந்தால் பெட்ரோலே போகவில்லை. அப்புறம் ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பின்னால் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்கட்டும். எஞ்சின் சுற்றுகிறது என்ற சிக்னல் கிடைத்தால்தான் ரிலே பம்புக்குக் கரண்டு விடும். இத்தனை வயதான ரிலேயில் உள்ளே சால்டரிங் விரிசல் விடுவது சகஜம். ரிலேயைக் கழற்றிவிட்டு, வயரிங் படத்தில் காட்டியபடி பேட்டரி முனையையும் பம்ப் முனையையும் ஃப்யூஸ் வைத்த வயரால் இணைத்துப் பாருங்கள். பம்ப் ஓடி வண்டியும் பிடித்தால் கோளாறு ரிலேயில்தான். தீயணைக்கும் சிலிண்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சரி, ஸ்பேர் மாற்றிப் பார்க்கும் வழி. பலர் இதில்தான் இறங்குகிறார்கள், பணம் அதிகம் கரைவதும் இதில்தான். ரெகுலேட்டர், எஞ்சினை நிறுத்தியபின் பைப்பில் பிரஷரைப் பிடித்து வைக்கும் அக்குமுலேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எதுவும் மலிவு இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல், எதை முதலில் சந்தேகப்படுவது என்ற வரிசையே குளிர் தேசத்தில் எழுதப்பட்டது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் கோல்டு ஸ்டார்ட் வால்வைப் பார் என்று முதலில் சொல்வார்கள். அந்த வால்வுக்குக் கரண்டு விடுவது தெர்மோ-டைம் சுவிட்ச். 35 டிகிரி சுவிட்ச் வைத்த வண்டியில், கூலன்ட் அந்தச் சூட்டைத் தாண்டியிருந்தால் வால்வு பீய்ச்சவே பீய்ச்சாது, அது பீய்ச்சவும் தேவையில்லை. வேலூரில் சித்திரை, வைகாசி வெயிலில் ஷெட்டில் நிற்கிற வண்டியே பகலில் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். அந்த வால்வு ஒழுகினால் அது வேறு விஷயம். பீய்ச்சவில்லை என்று மே மாதத்தில் அதை மாற்றுவது வீண் செலவு. மார்கழி விடியற்காலையில் மட்டும் பிடிக்காத வண்டிக்கு அந்தச் சந்தேகம் நியாயம்.

நம் ஊர் வெயிலில் அடிக்கடி வரும் கோளாறு வேறு. காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கும். ஓட்டிவந்து நிறுத்தி உடனே போட்டாலும் பிடிக்கும். ஆம்பூரில் சாப்பிட நிறுத்தி அரை மணி கழித்து வந்தால் பிடிக்காது. எஞ்சினை நிறுத்திய பிறகுதான் பானட்டுக்குள் சூடு ஏறுகிறது. பைப்பில் பிரஷர் நின்றால் பெட்ரோல் ஆவியாகாது. பிரஷர் இறங்கிவிட்டால் ஆவியாகி, பைப் முழுக்கக் குமிழியாக நிற்கும். இப்படிச் சூட்டில் முரண்டு பிடிக்கும்போது, ரிலே இடத்தில் வயர் போட்டுப் பம்பைச் சில நொடி ஓடவிட்டு, அப்புறம் செல்ஃப் அடித்துப் பாருங்கள். பிடித்தால் நிறுத்தியபின் பிரஷர் நிற்கவில்லை என்று அர்த்தம்.

இனி கேஜ். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வார்ம்-அப் ரெகுலேட்டருக்குப் போகும் பைப்பில் இதை மாட்ட வேண்டும், கேஜ் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம், வால்வு ரெகுலேட்டர் பக்கம். வால்வை மூடிப் பம்பை ஓடவிட்டால் சிஸ்டம் பிரஷர் தெரியும், ஐந்து பாரை ஒட்டி வர வேண்டும். குறைந்தால் பம்ப், ஃபில்டர், டாங்க் வலை இவற்றைப் பாருங்கள். வால்வைத் திறந்தால் கன்ட்ரோல் பிரஷர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது குறைவாக இருந்து, ரெகுலேட்டர் சூடாகச் சூடாக மூன்றரை பாரைத் தாண்டி ஏற வேண்டும்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். புத்தகத்தில் குளிர்ந்த எஞ்சினுக்குக் கொடுக்கும் அளவு பெரும்பாலும் 20 டிகிரிக்கானது. காற்றின் சூடு ஏற ஏற அந்த அளவும் ஏறும், அதற்கென்று சாய்வுக் கோடு போட்ட படம் இருக்கும். வேலூரில் 34 டிகிரியில் நின்றுகொண்டு 20 டிகிரி எண்ணைப் பார்த்தால், நல்ல ரெகுலேட்டரும் கெட்டதாகத் தெரியும். உடனே சுத்தியல் எடுத்து ரெகுலேட்டரின் பின்னைத் தட்டி பிரஷரைக் குறைப்பார்கள். அதற்கப்புறம் கறுப்புப் புகை, நனைந்த பிளக், புதுக் கோளாறு. படத்தில் அன்றைய சூட்டுக்கு நேரே உள்ள எண்ணைப் பார்க்காமல் அந்தப் பின்னில் கை வைக்க வேண்டாம்.

கடைசியாக வால்வு திறந்தபடியே பம்பை நிறுத்தி, முள்ளைக் கவனியுங்கள். பத்து நிமிடம் கழித்தும் இரண்டு பாருக்குப் பக்கத்தில் நின்றால் பரவாயில்லை. துல்லியமான எண்ணை உங்கள் வண்டிப் புத்தகத்தில் பாருங்கள். மடமடவென்று சுழியத்துக்கு விழுந்தால் எங்கோ கசிகிறது. அக்குமுலேட்டரின் பின்பக்க ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அங்கே பெட்ரோல் சொட்டினால் உள்ளே டயஃப்ரம் கிழிந்துவிட்டது, அதை மாற்றத்தான் வேண்டும். அது காய்ந்திருந்தால் பெட்ரோலைத் திரும்பவிடாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு, டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பிரஷர் ரெகுலேட்டரின் ஓ-ரிங், ஒழுகும் நாசில் என்று தேடலாம். ஓ-ரிங்தான் என்றால் செலவு எவ்வளவு குறைவு பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

பிரஷர் எல்லாம் சரி, இன்னும் பிடிக்கவில்லை என்றால் காற்றுத் தட்டுக்கு வாருங்கள். பம்பை ஒரு தரம் ஓடவிட்டு நிறுத்தி, தட்டைக் கையால் மெதுவாக நகர்த்துங்கள். சில வண்டியில் மேலே தூக்க வேண்டும், சிலதில் கீழே அழுத்த வேண்டும். போகிற வழி முழுக்க ஒரே சீரான எதிர்ப்பு தெரிய வேண்டும். நடுவில் இறுகினாலோ எதிர்ப்பே இல்லாமல் போனாலோ பிளஞ்சர் ஒட்டியிருக்கலாம். மாதக் கணக்கில் நின்ற வண்டியில் இது வரும், இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். தட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் பெல்லோஸில் வெடிப்பு இருந்தாலும் வண்டி முரண்டு பிடிக்கும். அந்த வழியாக நுழையும் காற்று தட்டுக்குத் தெரியாது.

டீசல் பம்ப் கடை யோசனையை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை லாரிகளை நம்பி இந்தப் பக்கம் கைதேர்ந்த பம்ப்-நாசில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒட்டிய பிளஞ்சரை எமரி பேப்பரில் தேய்க்கக் கூடாது, ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 230எஸ்எல், 280எஸ்எல் போல எஞ்சினே சுழற்றி ஓட்டும் பிளஞ்சர் பம்ப் வைத்த வண்டி என்றால் அது டீசல் இன்லைன் பம்புக்கு நெருங்கிய உறவு, அவர்கள் அனுபவம் உதவும். கே-ஜெட்ரானிக்குக்கு அவர்கள் நாசில் டெஸ்டர் ஒத்துவராது. நூற்றுக்கணக்கான பார் காட்டும் டயலில் மூன்றரை பார் என்பது முள் அசைகிற அளவுதான்.

கார்புரேட்டருக்கு மாற்றுவது எனக்கு மனசே ஒப்பாத வழி. 280இ-யின் அதே எஞ்சினுக்குக் கம்பெனியே ஒரு கார்புரேட்டர் மாடல் விற்றது, பெயர் வெறும் 280. அதில் சோலெக்ஸ் 4ஏ1, சக்தி 156 குதிரை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் முதலில் 177, பின்னால் 185. கம்பெனி செய்ததிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், வேறு காரின் கார்புரேட்டரை அடாப்டர் பிளேட்டில் உட்காரவைத்தால் என்ன மிஞ்சும்? ஆபத்தும் இருக்கிறது. பழைய பம்பை அப்படியே விட்டுவிட்டால் ஐந்து பார் பிரஷரை, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் ஊசி தாங்காது. பெட்ரோல் வழிந்து சூடான மேனிஃபோல்டில் விழும்.

கம்ப்யூட்டர் இன்ஜெக்‌ஷன் நன்றாக ஓடும், மறுக்கவில்லை. ஆனால் வண்டியை லாரியில் ஏற்றிப் பெங்களூர் வரை அனுப்பி, மாதக் கணக்கில் காத்திருந்து செலவழிக்க வேண்டும். 2021-இல் வந்த விண்டேஜ் வண்டி விதியையும் நினைவில் வையுங்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. 1976-இல் பதிவான 280இ-க்கு 2026-இல் 50 வயது. அந்த வாசலில் நிற்கும் வண்டியின் இன்ஜெக்‌ஷனைக் கழற்றி எறிய நான் சொல்ல மாட்டேன்.

கேஜ் வாங்கும்போது பத்து பாருக்குள் காட்டும் டயலாக, கே-ஜெட்ரானிக் அடாப்டர்களோடு வாங்குங்கள். பக்கத்து ஊர்களில் இதே வண்டி வைத்திருக்கிற இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். உங்கள் பைப்பின் மரைக்கு நிப்பிள் பொருந்தவில்லை என்றால் லேத் கடையில் கடைந்து கொடுப்பார்கள். ரப்பர் ஹோஸைச் சொருகிக் கிளிப் போட்டு ஐந்து பாரைத் தாங்கவைக்க மட்டும் நினைக்காதீர்கள்.