கடக்நாத் கருங்கோழி: பாலக்கோடு தோப்பில் வளர்த்துப் பார்த்த அனுபவம்

பாலக்கோடு பக்கம் எங்கள் மாந்தோப்பில் சிறுவிடை என்ற நாட்டுக்கோழிகளோடு கடக்நாத்தும் சில ஆண்டுகளாக மேய்கிறது. கருங்கோழி என்றாலே மருந்து என்று தேடி வருகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் ருசிக்காக வாங்குங்கள் என்பேன்.

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியில் பில் பழங்குடி மக்கள் வளர்த்து வந்த இனம் இது. 2018-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இயற்கையாக நேர்ந்த மரபணு மாற்றத்தால் உடம்பெங்கும் மெலனின் என்ற கருநிறமி படிவதால்தான் தோல், கறி, எலும்பு எல்லாம் கறுத்திருக்கின்றன. ரத்தம் சிவப்புதான். முட்டையும் வெளிர் பழுப்புதான், கருப்பு முட்டை என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

குஞ்சு வாங்கும்போது இறகை மட்டும் பார்த்தால் போதாது. வாயைத் திறந்து நாக்கைப் பாருங்கள், உள்ளங்காலையும் பாருங்கள். அங்கே வெளுப்போ இளஞ்சிவப்போ தெரிந்தால் பெரும்பாலும் கலப்புதான். சந்தையில் கலப்புக் குஞ்சுகள் நிறையவே வருகின்றன.

எங்கள் ஊர் வெயிலை நன்றாகத் தாங்குகிறது. கரையான், புல், கொஞ்சம் கேழ்வரகு என்று மேய்ந்தே வளர்ந்துவிடும். ஆனால் பொறுமை வேண்டும். சேவல் ஒன்றரை கிலோவைத் தாண்டவே ஆறு மாதம் போல ஆகிறது. பெட்டை ஆண்டுக்கு 80 முதல் 100 முட்டை வரைதான் இடும், அடையிலும் சரியாக உட்காராது. முட்டைகளைச் சிறுவிடைப் பெட்டைக்கு அடை வைத்துவிடுகிறோம், அது தன் குஞ்சு போலவே கூட்டிக்கொண்டு திரியும்.

சத்து விஷயத்துக்கு வருவோம். 25 சதவீதம் புரதம், 1 சதவீதம் கொழுப்பு என்று விற்பவர்கள் சொல்வார்கள். கொழுப்பு குறைவு என்பது அறுக்கும்போதே தெரிகிறது, வயிற்றில் மஞ்சள் கொழுப்பு அதிகம் இருக்காது. ஆனால் தோல் நீக்கிய பிராய்லர் நெஞ்சுக்கறியிலும் புரதம் நன்றாகவே இருக்கிறது. சர்க்கரை நோய், ஆஸ்துமா தீரும் என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

சமையலில் அவசரம் கூடாது. கறி கெட்டி. மண்சட்டியில் சின்ன வெங்காயம், மிளகு போட்டுச் சிறு தீயில் வேகவிட்டால் குழம்பு கறுத்து, திக்காக வரும். கேழ்வரகுக் களிக்கு அவ்வளவு பொருத்தம்! குழந்தைகள் நிறத்தைப் பார்த்து முதலில் தயங்குவார்கள், அவர்களுக்கு ரசமாக வைத்துக் கொடுங்கள்.

அப்புறம், நாட்டு இனம்தானே என்று தடுப்பூசியை விட்டுவிட வேண்டாம். வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் கருங்கோழியும் தப்பாது.