மர்பியின் இலக்கண நூல்: மஸ்ட், ஹேவ் டு, ஷுட் பாடங்களுக்காக வாங்கலாமா?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1985இல் முதன்முதலாக வெளியிட்ட ரேமண்ட் மர்பியின் ‘இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்’ நூல், 2019இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 145 பாடங்களைக் கொண்டுள்ளது. கட்டாயத்தையும் தேவையையும் அறிவுரையையும் உணர்த்தும் துணைவினைகளுக்கு அவற்றுள் ஒருசில பாடங்களே கிடைத்திருக்கின்றன. ஆயினும் தமிழ்வழியில் படித்து, அலுவலகத்தில் ஆங்கிலம் எழுத நேர்ந்தவர்கள் அந்தச் சில பக்கங்களுக்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி என்பதே நூலின் அமைப்பு. பேசுபவர் தாமே அவசியம் என்று கருதுவதைச் சொல்ல மஸ்ட், ஹேவ் டு இரண்டும் பொருந்தும் என்றும், விதியோ சூழ்நிலையோ நெருக்கும்போது ஹேவ் டு வரும் என்றும், கடந்த காலத்துக்கு ஹேட் டு என்றும் முதலில் தெளிவுபடுத்துகிறார்.

நூலின் சிறப்பு எதிர்மறைகளை விளக்கும் பாடத்தில் இருக்கிறது. உடன்பாட்டு வாக்கியங்களில் நெருங்கி நிற்கும் மஸ்ட், ஹேவ் டு இரண்டும் எதிர்மறையில் முற்றாகப் பிரிந்துவிடுகின்றன: ‘யூ மஸ்ன்ட் கம்’ என்றால் வரக் கூடாது, ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் வர வேண்டியதில்லை, வந்தாலும் தவறில்லை. நீடின்ட் ஹேவ் என்பதன் நுட்பமும் இங்கேதான் பிடிபடுகிறது. விருந்தாளிக்காகச் சோறு வடித்த பிறகு அவர் சாப்பிட்டுவிட்டு வந்தது தெரிந்தால், ‘வீ நீடின்ட் ஹேவ் குக்ட்’ என்போம், அதாவது சமைத்தோம், ஆனால் அதற்குத் தேவை இருக்கவில்லை. ‘வீ டிட்ன்ட் நீட் டு குக்’ என்பதோ தேவை இருக்கவில்லை என்று மட்டுமே சொல்லும். சமைத்தோமா இல்லையா என்பது அதில் அடங்காது.

ஷுட் பற்றிய பாடங்களும் நன்று. ஆட் டு என்பதை அதற்கு மாற்றாகக் காட்டிவிட்டுச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறார், அதுவே போதும்.

எனக்குள்ள குறை ஒன்றே. மஸ்ட் என்பதை எதிரில் இருப்பவரை நோக்கிச் சொல்லும்போது அது எவ்வளவு அதட்டலாக ஒலிக்கும் என்பதை இப்பாடங்கள் போதிய அளவு எடுத்துரைக்கவில்லை. ‘நீங்கள் நாளைக்குள் அனுப்ப வேண்டும்’ என்று தமிழில் மரியாதை குன்றாமல் எழுதிப் பழகியவர், அதே நினைப்பில் மேலதிகாரிக்கு ‘யூ மஸ்ட் சென்ட்’ என்று எழுதிவிடுவார். ‘குட் யூ ப்ளீஸ் சென்ட்’ என்று கேட்பதே அங்கே முறை. ஆசிரியர் துணையோடு படிப்பவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தனியே படிப்பவர்கள் விடைகள் சேர்ந்த பதிப்பையே வாங்குங்கள். விடையில்லாத பதிப்பும் விற்பனையில் இருப்பதால், வாங்குமுன் அட்டையைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.