வீட்டுக்கு வாங்கிய இயர் மஃப்: ஒன்றரை வருடம் கழித்து ஒரு விமர்சனம்

பொருள், தொழிற்சாலைகளில் சத்தத்துக்குக் காதில் போடும் இயர் மஃப். தலைக்கு மேல் வளையம் வரும் மாடல், கறுப்பு நிறம், 1,350 ரூபாய். வாங்கியது புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம், ஹெல்மெட், கம்பூட்ஸ், கையுறை விற்கும் ஒரு சின்னக் கடையில். போட்டுக்கொள்பவர் என் வீட்டுக்காரர். ஆனால் காசு கொடுத்தது நான், அதனால் விமர்சனமும் நான்தான். அவரை எழுதச் சொன்னால் "சரியா இருக்கு" என்பதோடு முடிந்துவிடும்.

எங்களுக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் இருக்கிறார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, அவருடைய நாற்பத்தோராவது வயதில், சென்னையில் ஒரு மனநல மருத்துவர் ஆட்டிசம் என்று சொன்னார். அதுவரை எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. திமிர், ஒட்டாத குணம், "மாப்பிள்ளைக்கு நம்மள மதிக்கத் தெரியல".

என் தம்பி கல்யாணம் கடலூர் பக்கத்தில் திருவந்திபுரம் கோயில் மலையில் நடந்தது. முகூர்த்த நாளில் அந்த மலையில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கம் ஒரு தவில், அந்தப் பக்கம் ஒரு தவில், நடுவில் போட்டோகிராபர் கத்துகிறார். கெட்டி மேளம் கொட்டும்போது திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். தேடிப் போனால் கெடிலம் ஆற்றுப் பக்கம், வேட்டி மண்ணில் புரள, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா ஒரு வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் அப்பா கட்சிதான்.

ஆட்டிசம் உள்ள பலருக்குச் சத்தமும் வெளிச்சமும் வாசனையும் நமக்குப் படுவதுபோல் படாது என்பதை, மருத்துவர்கள் வைத்திருக்கும் அமெரிக்க வழிகாட்டி நூலிலேயே 2013இல்தான் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தார்களாம். கடலூருக்கு அது வந்து சேர இன்னும் கொஞ்ச நாள் ஆகும், சரி.

இந்த மஃப் வாங்கியதற்குக் காரணம் ஒரு கேள்வி. ஒரு நாள் ராத்திரி, சண்டை எதுவும் இல்லாத நேரத்தில், "உங்களுக்கு எங்கங்க நிம்மதியா இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்துவிட்டு, "கம்ப்ரசர் ரூம்ல" என்றார். கம்பெனியிலேயே அதிக இரைச்சல் உள்ள இடம் அது. மஃப் போடாமல் உள்ளே விடமாட்டார்கள். ரீடிங் எடுக்கப் போகும் அந்தப் பத்து நிமிஷம்தான் ஒரு நாளில் தலைக்குள் அமைதியாக இருக்கிறதாம். "வீட்டுல" என்ற பதிலுக்காகக் காத்திருந்தவள் நான். திரும்பிப் படுத்து அழுதேன். காலையில் காபி போடும்போதுதான் உறைத்தது, மனுஷன் என்னைக் குத்திக் காட்டவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். மருந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்பதுவரை சொல்லியிருக்கிறார்.

அதற்கு முன் வேறு இரண்டு முயற்சி நடந்தது. ஸ்பாஞ்சில் வரும் காதடைப்பான் மலிவு. ஆனால் காதுக்குள் ஒரு பொருள் இருப்பதே அவருக்குத் தாங்கவில்லை, ஐந்து நிமிஷத்தில் பிடுங்கிவிட்டார். அப்புறம் சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் கொண்டுவந்த நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன். அது வெளிச் சத்தத்துக்கு எதிர் அலையை உண்டாக்கி அமுக்குகிற சாமான். பஸ் இன்ஜின், ஃபேன் மாதிரி ஒரே சீராக வரும் சத்தத்துக்கு அருமை. திடீரென்று வரும் குக்கர் விசிலுக்கு அவ்வளவு இல்லை. அதோடு "காதுக்குள்ள தண்ணி போன மாதிரி இருக்கு" என்றார். இப்போது அதில் என் பையன் பாட்டுக் கேட்கிறான்.

மஃப்பில் பேட்டரி இல்லை, சார்ஜ் இல்லை. கரண்ட் போய் அக்கம்பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமுகிற மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும்.

கடைக்காரர் நல்ல மனுஷர். "கம்பெனிக்காம்மா?" என்றார். வீட்டுக்கு என்றேன். "வீட்டுல என்ன மெஷின் ஓடுது?" நானும் என் மாமியாரும்தான் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மஞ்சள் நிறத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார். கறுப்பு கேட்டு வாங்கினேன். மஞ்சளைப் போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தால், ரோடு போட வந்தவர் என்று நினைத்து யாராவது பேட்டா கொடுத்துவிடுவார்கள்.

இனி குறைகள். பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் கணக்கு சோதனைச்சாலையில் எடுத்தது, வீட்டில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடி போடுபவர்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்று. கண்ணாடிக் கம்பி குஷனுக்கு அடியில் போகும் இடத்தில் சின்ன இடுக்கு விழுகிறது, சத்தம் அந்த வழியாக உள்ளே வருகிறது. கம்பி மெல்லிசான ஃப்ரேமுக்கு மாறிய பிறகுதான் சரியானது. புதிதில் தலையை நெரிக்கும். எங்கள் அரிசி டப்பாவில் இரண்டு ராத்திரி மாட்டி வைத்து இறுக்கத்தைத் தளர்த்தினேன். கடலூர் மே மாதத்தில் காதைச் சுற்றி வியர்வை ஊற்றும், கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட வேண்டும். ஒரு வருஷத்தில் குஷன் தோல் வெடித்து உரிந்துவிட்டது. அது தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள், நான் கேட்கவில்லை. தவிலின் அடிச் சத்தத்தையும் ஸ்பீக்கர் பாக்ஸின் அதிர்வையும் இது முழுக்கத் தடுக்காது. அது காதில் கேட்பதைவிட நெஞ்சில்தான் இடிக்கிறது என்கிறார். அதனால் மண்டபத்தில் பின் வரிசை, ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்கம். நாள் பூராவும் போடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், பழகிவிட்டால் சாதாரணச் சத்தமும் இன்னும் கூர்மையாகத் தெரியுமாம். வண்டி ஓட்டும்போது கூடவே கூடாது.

பெரிய குறையை இன்னும் சொல்லவில்லை. இது என் குரலையும் சேர்த்துத்தான் தடுக்கிறது.

வாங்கிய இரண்டாவது வாரம். என் அம்மாவைப் பற்றி ஏதோ பேச்சு முற்றி நான் குரலை உயர்த்தினேன். அவர் எழுந்து போய் மஃப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். என் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1,350 ரூபாய் கொடுத்து என் முகத்தில் நானே கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு இதை விமர்சனம் எழுதச் சொல்லியிருந்தால் அரை ஸ்டார்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

மறுபடி மருத்துவரிடம் போனபோது டேமியன் மில்ட்டன் என்பவரைப் பற்றிச் சொன்னார். பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவருக்கும் ஆட்டிசம் உண்டு. ஆட்டிசம் உள்ளவருக்குத்தான் மற்றவர் மனசு புரியாது என்பது பாதிக் கதை, மற்றவர்களுக்கும் அவர் மனசு அதே அளவு புரிவதில்லை என்று 2012இல் எழுதினாராம். எனக்கு அது பிடிக்கவில்லை. பதினோரு வருஷம் விட்டுக்கொடுத்தவள் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அதே கணக்கு வைத்திருக்கிறார் என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போது தெரிந்தது. மிக்ஸி ஓடும் ஒவ்வொரு காலையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நான் கூப்பிடவில்லையென்றால் எழுந்து போயிருப்பாராம். நான் கூப்பிட்டது பாசத்தில்.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து சில விதிகள் போட்டோம். மஃப் கழுத்தில் இருந்தால் பேசலாம். காதில் இருந்தால் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி மேஜையில் வைக்கலாம். பின்னால் வந்து தோளைத் தொடக் கூடாது, முன்னால் வந்து நிற்க வேண்டும். மாட்டுவதற்கு முன் எப்போது கழற்றுவார் என்று சொல்லிவிட வேண்டும், இது என் விதி. "நாப்பது நிமிஷம்" என்பார். நாற்பதாவது நிமிஷம் கழற்றிவிட்டு, "நீ கடைசியா சொன்னது, எங்கம்மா உன்னை மட்டும் கேக்கறாங்கன்னு" என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். நான் அதற்குள் சண்டையை மறந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

அத்தைக்கு மட்டும் இன்னும் சமாதானம் இல்லை. "எம்புள்ள காதுல மாட்டைக் கட்டுற மாதிரி கட்டி வச்சிருக்கா" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மஃப் போட்டிருந்த மகனுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது.

ஐந்துக்கு நான்கு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது குஷனுக்காக.

போன தை மாதம் சித்தப்பா பெண் கல்யாணம், மறுபடியும் திருவந்திபுரம். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தாலி கட்டும் நேரத்தில் தானாகவே மஃப்பைக் கழுத்துக்கு இறக்கி, எழுந்து நின்று அட்சதை போட்டுவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார். என் அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் என் இலைக்குப் பக்கத்தில் ஒரு காலண்டர் தாள் வந்தது. "இன்னும் எத்தனை நிமிடம்?" இருபது என்று எழுதிக் கொடுத்தேன். இருபதாவது நிமிஷம் எழுந்துவிட்டார். பாயசம் அப்போதுதான் எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தது.